உறையைக் கழற்றிப் பார்த்தவன்

என் தம்பி விமானத்தில் வேலை பார்க்கிறான் என்றால் ஊரில் எல்லாரும் பைலட் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவன் விமானத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை செய்கிறவன். வட இந்தியாவில் ஒரு பயிற்சிப் பள்ளி. நாலு பேர் உட்காருகிற செஸ்னா 172 விமானங்கள். சேரியிலிருந்து கடன் வாங்கிப் படித்துப் போனவன் கையில் முதல் ஆறு மாதம் அவர்கள் கொடுத்தது துடைக்கிற துணிதான். "உங்களுக்கெல்லாம் பழக்கந்தானே" என்று ஒருத்தன் சிரித்தானாம். அந்தச் சிரிப்பை இந்தப் பக்கங்களைப் படிக்கிற தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

துணி பிடித்த வேலையிலும் அவன் படித்துக்கொண்டுதான் இருந்தான். விமானத்தின் முன்கண்ணாடி கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். பெட்ரோலோ தின்னரோ பட்டால் மயிரிழை வெடிப்பு ஓடும். தண்ணீர், லேசான சோப்பு, மெத்தென்ற பருத்தித் துணி, அவ்வளவுதான். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல். காலை வெயில் எதிரே அடிக்கும்போது அந்தக் கீறலெல்லாம் மின்னி, இறங்குகிறவனுக்குப் பாதை தெரியாது.

மார்கழியில் அங்கே விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் விடும் மூச்சே கண்ணாடியில் ஈரமாகப் படிந்து மறைக்கும். அதைப் போக்கச் சூடான காற்று வேண்டும். எங்கிருந்து வருகிறது அது? நான் கேட்டபோது போனில் சொன்னான்:

"அக்கா, நம்ம வீட்ல சோறாக்குற அடுப்புலயே குளிர் காய்வோம்ல, அதான். எஞ்சின் புகை போற மஃப்ளர் கொதிச்சுக் கெடக்கும். அதச் சுத்தி ஒரு தகர உறை. வெளிக்காத்து அந்த உறைக்குள்ள பூந்து, மஃப்ளரத் தடவிச் சூடாகி, குழா வழியா உள்ள வரும். குமிழ இழுத்தா காலுக்குக் கொஞ்சம், கண்ணாடிக்குக் கொஞ்சம். அடுப்போட சூடு வரணும், புகை வரக்கூடாது. நடுவுல இருக்கிறது ஒத்தத் தகடு."

அந்த ஒற்றைத் தகட்டின் உள்பக்கம் 700 டிகிரி செல்சியஸையும் தாண்டிய புகை ஓடுகிறது. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் காய்ந்து விரிகிறது, இறங்கியதும் ஆறிச் சுருங்குகிறது. பற்றவைத்த ஓரங்களில் விரிசல் விடும். விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வெங்காற்றோடு உள்ளே வரும். நிறமில்லை, மணமில்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலிக்கும், தூக்கம் வரும், புத்தி மந்தமாகும். சூட்டை நிறுத்திவிட்டு வெளிக்காற்றைத் திறக்க வேண்டும், சீக்கிரம் இறங்க வேண்டும் என்று யோசிக்க வேண்டிய மூளையைத்தான் அது முதலில் பிடிக்கிறது.

2019 சனவரி 21 இரவு பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்குப் போன ஒரு பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா அதில் இருந்தார். அந்த விமானத்தின் அமைப்பு வேறு, ஆனால் கேடு ஒன்றுதான். சாலாவின் ரத்தத்தில் இந்த வாயு பிடித்த அளவு 58 சதவீதம். விமானியின் உடல் கிடைக்கவேயில்லை. புகைக்குழாய் அமைப்பிலிருந்து கசிந்திருக்கலாம் என்று 2020 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. சத்தம் போட்டு எச்சரிக்கிற கருவி அந்த விமானத்தில் இல்லை என்றும் சொன்னது. அப்படி எண்ணிச் சொன்னது சரிதான். ஆனால் நம்ம ஊர்க் குழிக்குள் இறங்கிச் செத்தவன் ரத்தத்தை எவன் எண்ணினான்? 'விஷவாயு தாக்கி' என்று ஒரு வரி, ஆறாம் பக்கத்தில். அந்தக் குழிக்கும் வாயு காட்டும் கருவி கடையில் கிடைக்கத்தான் செய்கிறது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஓர் அக்டோபர் மாதம், நூறு மணிநேரச் சோதனை. வேலை அட்டையில் 'உறையைக் கழற்றி மஃப்ளரைப் பார்க்க' என்று ஒரு வரி. மேலே இருந்தவர், "இப்ப எவன் சூடு போடுறான்? வால்வு மூடித்தானே இருக்கு. கையெழுத்தப் போட்டுட்டு அடுத்ததப் பாரு" என்றிருக்கிறார். மறுநாள் காலையில் பறக்க மாணவர்கள் வரிசையில் இருந்தார்கள். மணிக்கணக்குக்குக் காசு.

தம்பி உறையைக் கழற்றினான். பற்றவைத்த ஓரத்தில் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்த ஒரு கோடு. குழாய்க்குள் மெல்லக் காற்றைச் செலுத்தி, மேலே சோப்புத் தண்ணீர் தடவினான். அந்த இடத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. சாக்பீஸால் வட்டம் போட்டான். பென்சிலால் போடக்கூடாதாம், பென்சில் கரி சூட்டில் உலோகத்தைத் தின்று புது விரிசல் உண்டாக்கும். (எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும், ஒரு பென்சில் கோடு இரும்பை உடைக்கும் என்று.) ஆரஞ்சு நிறத் துணிக்குழாய் ஒன்றும் கம்பியில் உரசிக் கிழிந்திருந்தது.

அன்று ராத்திரி கூப்பிட்டான். "கையெழுத்துப் போடலன்னா வேலை இல்லங்கிறாங்க." படிப்புக் கடனில் பாதிகூட அடைபடவில்லை. மேடையில் எவ்வளவோ பேசுகிற எனக்கு உடனே வாய் வரவில்லை. அவனே சொன்னான்: "உன்னக் கேக்கக் கூப்பிடலக்கா. போடலன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். மார்கழியில எவனாவது அந்தக் குமிழ இழுப்பான்ல."

காலையில் லைசென்ஸ் உள்ள பொறியாளர் நேரில் வந்து குமிழைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அட்டையில் விமானத்தை நிறுத்தச் சொல்லி எழுதினார். புது மஃப்ளர் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் மற்ற விமானங்களின் உறைகளையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கழற்றியதும் தம்பிதான். துடைக்கிற துணியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்ள மட்டும் இன்னும் யாரும் வரவில்லை.