இங்கே வந்து பாரேன்!

புதுமைக்கு விலை அதிகம். ஆகையால்தான் ஜனங்கள் வாங்கவில்லை என்கிறார்கள். எனக்கு அது பாதிச் சமாதானமாகவே படுகிறது.

2024 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவில் 'விஷன் புரோ' என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கண்களை மறைத்துத் தலையில் மாட்டிக்கொண்டால் இல்லாத உலகம் எதிரே விரியும். விலை 3,499 டாலர். கனம் அரைக் கிலோவுக்கு மேல். விந்தைதான். ஆனால் வீட்டுக்கு வீடு அது புகவில்லை.

விலை மட்டுமா காரணம்? 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியை ஒட்டி விற்பனைக்கு வந்த பெரிய டெலிவிஷன் பெட்டிக்கு 600 டாலர். அன்றைக்கு அது பெரும் பணம். அப்படியிருந்தும் 1960-இல் அமெரிக்காவில் பத்து வீடுகளில் ஏறக்குறைய ஒன்பதில் டெலிவிஷன் இருந்தது. விலை இறங்கியது உண்மை. அதற்கு முன்பே ஆசை ஏறிவிட்டது. ஒருவர் வாங்கினால் குடும்பமே பார்த்தது. அண்டை வீட்டாரும் வந்து பார்த்தார்கள்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். அதிசயத்தைக் கண்ட மனிதன் முதலில் சொல்லும் வார்த்தை, "இங்கே வந்து பாரேன்!" என்பதுதான். இந்தக் கருவியை அணிந்தவர் யாரைக் கூப்பிடுவார்? செய்தவர்களுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். அணிந்தவரின் கண்களைப் போன்ற படம் கருவியின் முகப்பில் தெரியும்படி அமைத்தார்கள்.

கைபேசியும் தனிமைதானே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் வீட்டில் யாராவது கூப்பிட்டால் தலை நிமிர ஒரு கணம் போதும்.

விலையைக் குறைக்க முடியும். 2020-இல் வந்த 'குவெஸ்ட் 2' என்ற இவ்வகைக் கருவி 299 டாலருக்கே கிடைத்தது. லட்சக்கணக்கில் விற்றது, ஆயினும் டெலிவிஷனைப் போல வீட்டுப் பொருளாகிவிடவில்லை. பக்கத்தில் இருப்பவரையும் அந்த உலகத்துக்குள் அழைத்துக்கொள்ள வழி செய்யட்டும். கடன் வாங்கியாவது ஜனங்கள் வாங்குவார்கள்.