உணவு இடைவேளையில் உருண்ட சக்கரங்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மனிதன் படைத்த வாகனங்களுள் ஏழைக்கு மிக நெருங்கிய உறவு மிதிவண்டிதான். அதற்குப் புல்லும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். ஏறி அமர்ந்தவர் உண்ட கஞ்சியே அதற்கு எரிபொருள். பால்காரரும் ஐஸ்காரரும் பாத்திர வியாபாரியும் இரண்டு சக்கரங்களை நம்பிக் குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறார்கள். அந்த மிதிவண்டியை நம் மாவட்டத்துப் பெண்கள் சிலர் எப்படித் தம் வசமாக்கிக்கொண்டார்கள் என்பதை அருகிலிருந்து கண்டவள் நான். அதை என் கல்லூரித் தோழர் தோழியருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான் கல்லூரியில் சேரவில்லை. வீட்டு நிலைமை இடம் தரவில்லை. அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். அம்மா ஊரில் கூலி வேலைக்குப் போகிறார். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவருமில்லை. “ஒரு வருஷம் வேலைக்குப் போ, அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள். அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் கல்யாணத்தில்தான் போய் முடியும் என்பது எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

தருமபுரிக்கு வெளியே ஒரு தையல் நிறுவனத்தில் ஹெல்பராகச் சேர்ந்தேன். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுவது என் வேலை. நிறுவன வேன் எங்கள் ஊர்ப் பக்கம் வராது. ஆகவே, பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டியில் ஏழு கிலோமீட்டர் மிதித்துப் போய் வந்தேன். அங்கே வேலை செய்த பெண்களில் மிதிவண்டியில் வந்தவள் நான் ஒருத்திதான்.

மற்றவர்கள் வேனை நம்பியிருந்தார்கள். வேனோ பெரிய சாலையோடு போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஓவர்டைம் முடிந்து இறங்கும்போது இருட்டிவிடும். கணவரோ மகனோ தம்பியோ வந்து அழைத்துப் போக வேண்டும். ஆள் வராத வீட்டுப் பெண்ணுக்கு ஓவர்டைம் கிடையாது. ஓவர்டைம் இல்லையென்றால் அந்த மாதச் சீட்டுப் பணம் கட்ட முடியாது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பெரிய உதவிதான். ஆனால் பேருந்து வந்தால்தானே ஏற முடியும்? எங்கள் ஊருக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

காஜா மிஷினில் பொத்தான் துளை போடும் அக்கா ஒருவர் இருந்தார். அவரைக் காஜா அக்கா என்றே எல்லாரும் அழைப்போம். நாற்பது வயதைத் தாண்டியவர். அவரை இரவில் அழைத்துப் போய்க்கொண்டிருந்த மகன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒரு நாள் உணவு இடைவேளையில் என் மிதிவண்டியின் அருகே வந்து, அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“ஏன் பாப்பா, எனக்கெல்லாம் இந்த வயசுல இது வருமா?”

“வரும்க்கா.”

“உழுந்துட்டா?”

“மண்ணுதானேக்கா. தட்டி உட்டுட்டு எந்திரிச்சிக்கலாம்.”

எங்கள் பயிற்சி அன்றே தொடங்கியது. நிறுவனத்துக்குப் பின்னால் புளியமரங்களுக்கிடையே ஒரு வெற்றிடம் இருந்தது. உணவு இடைவேளை நாற்பது நிமிடம். பத்து நிமிடத்தில் களியையோ சோற்றையோ விழுங்கிவிட்டு, மீதி நேரம் மிதிவண்டியோடு.

ஏன் அந்த நேரத்தில்? இதை அப்போது நான் யோசிக்கவில்லை, பின்னர்தான் புரிந்தது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு விடியற்காலை அடுப்படிக்குச் சொந்தம். பகல் நிறுவனத்துக்குச் சொந்தம். இரவு மறுபடி அடுப்படிக்கும் பிள்ளைகளுக்கும் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க. ஒரு நாளில் அவளுக்கென்று மிஞ்சுவது அந்த மதிய அரைமணி நேரம்தான். மேலும் ஊரில் மிதிவண்டி பழகினால், “இந்த வயசுல இது எதுக்கு?” என்று கேட்கப் பத்துப் பேர் வருவார்கள். இங்கே பார்ப்பவர்கள் எல்லாரும் கூட வேலை செய்கிறவர்கள். சிரித்தாலும் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறவர்கள்.

முதல் வாரம் பெடலைத் தொடவே விடவில்லை. சீட்டை நன்றாகத் தாழ்த்தி, இரு கால்களும் தரையில் ஊன்றும்படி செய்து, காலால் உந்தி உந்திப் போகச் சொன்னேன். 1817ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்த முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது; காலால் உந்தித்தான் ஓட்டினார்கள் என்று பின்னர் படித்தபோது, காஜா அக்காவும் அங்கிருந்தே தொடங்கினார் என்று எண்ணி மகிழ்ந்தேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடியையும் இடப்பக்கமே சற்றுத் திருப்ப வேண்டும். அப்போது சக்கரம் நம் எடைக்கு அடியில் வந்து சேர்ந்துகொள்ளும். புதிதாகப் பழகுபவர் பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்புவார்; விழுவார். இந்த ஒன்றைக் கால் நம்பிவிட்டால் பாதி வித்தை கைவந்தது போலத்தான்.

அமெரிக்காவில் மதுவிலக்கு இயக்கத்தின் தலைவியாக இருந்த பிரான்சிஸ் வில்லார்டு என்ற அம்மையார் தம் 53ஆம் வயதில் மிதிவண்டி கற்று, அந்த அனுபவத்தை 1895இல் ஒரு நூலாகவே எழுதினார். நாளொன்றுக்குச் சராசரி பதினைந்து நிமிடம், ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று என்று கணக்கும் சொல்லியிருக்கிறார். காஜா அக்காவுக்கு ஆறு வாரம் ஆயிற்று. ஏழாவது வாரம் புளியமரத்தைச் சுற்றித் தனியாக ஒரு வட்டமடித்தபோது, செக்கிங் பிரிவுப் பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு ஆள் சேர்ந்தது. ஓவர்லாக் அக்கா, அயர்ன் பிரிவில் இருந்த இருவர், என்னைப் போன்ற ஹெல்பர் இருவர் என்று நான் உட்பட ஏழு பேர் ஆனோம். வண்டிகளும் வந்தன. எங்கிருந்து? ஒவ்வொரு வீட்டிலும் மகனுக்கோ மகளுக்கோ பள்ளியில் கொடுத்த மிதிவண்டி காற்றில்லாமல் சுவரோரம் துருப்பிடித்துக் கிடந்ததே, அவைதாம். தமிழ்நாட்டில் 2001–02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005–06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. பிள்ளை பள்ளி முடித்ததும் ஓய்வுபெற்றுவிட்ட அந்த வண்டிகளுக்குத் தாய்மார் மறுவாழ்வு கொடுத்தார்கள். தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயில் ஒரு சொட்டை மெக்கானிக் அண்ணன் எங்கள் செயினுக்கும் விட்டார்.

சூப்பர்வைசர் முதலில் முகம் சுளித்தார். யாருக்காவது அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே? மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும் என்ற கட்டளையோடு விட்டுவிட்டார். ‘சைக்கிள் டீம்’ என்று கேலியாகப் பெயர் வைத்தவரும் அவரே. அந்தப் பெயரே எங்களுக்கு நிலைத்துவிட்டது.

எல்லாருக்கும் இது எளிதாக இருக்கவில்லை. அயர்ன் பிரிவு அக்கா ஒருவரின் கணவர், மனைவி சாலையில் மிதிவண்டி ஓட்டினால் தனக்குக் கௌரவக் குறைவு என்று வண்டியையே விற்றுவிட்டார். அந்த அக்கா அதன்பிறகும் மதியம் புளியமரத்தடிக்கு வந்து நிற்பார். நாங்கள் முறைவைத்து எங்கள் வண்டிகளைக் கொடுப்போம்.

மே மாதம் வந்தது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு மூன்று நாள் இருந்தது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். எங்கள் வீட்டில் இருந்ததோ பொத்தான் வைத்த போன். நிறுவனத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஓர் இ-சேவை மையம் இருந்தது. நான் வேலை முடிந்து வெளியே வருவதற்குள் அதை மூடிவிடுவார்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலியோடு வருகைப் படியும் போய்விடும். அந்தப் பணத்துக்கு அம்மா ஏற்கெனவே செலவு எழுதி வைத்திருந்தார். உணவு இடைவேளையில் போய் வரலாம் என்றேன். நான் தனியாகப் போவதைக் காஜா அக்கா ஒப்பவில்லை.

“ரோட்டுல லாரியா ஓடுது. நாங்களும் வர்றோம். சேர்ந்து போனா வண்டிக்காரனுக்குக் கண்ணு தெரியும்” என்றார்.

அதுவரை புளியமரங்களை மட்டுமே சுற்றிய எங்கள் அணி அன்றுதான் முதன்முதலாகச் சாலைக்கு இறங்கியது. ஐந்து வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, இடப்புறம் ஒட்டி. முன்னால் நான், கடைசியில் காஜா அக்கா. என் வண்டியின் முன்பக்கப் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்பக்க பிரீவீலில் 18. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும்; வண்டி சுமார் ஐந்து மீட்டர் நகரும். மூன்று கிலோமீட்டருக்கு அறுநூறு மிதி. அந்த அறுநூறு மிதிக்கு அப்பால்தான் என் கல்லூரி இருந்தது.

முதல் நாள் சான்றிதழ்களையும் விவரங்களையும் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் பிழை பார்த்து, பணம் கட்டி, விண்ணப்ப எண்ணை வாங்கிவந்தோம். இரண்டு நாளும் மணியடிக்கும் முன்பே உள்ளே இருந்தோம். சோற்றை மாலைத் தேநீர் நேரத்தில் தின்றோம். கூட வேலை செய்யும் அக்காமார் நாலு பேர் பசியோடு மிதித்து வந்து விண்ணப்பம் போட்டுத் தந்தார்கள் என்று கேட்ட பிறகு, அம்மாவால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்ல முடியவில்லை. அப்பாவும் பெங்களூரிலிருந்து போனில் சரி என்றார்.

எங்களுக்கு முன்னோடிகள் உண்டென்று கல்லூரிக்கு வந்த பிறகு, பி. சாய்நாத் எழுதியதைப் படித்துத்தான் அறிந்தேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு மிதிவண்டியையும் சேர்த்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராம செவிலியர், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் என்று உழைக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். 1992இல் உலக மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் போனார்கள். பின்னர் நடந்த போட்டிகளிலும் காட்சிகளிலும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் தம் திறமையைக் காட்டினார்கள். பெண்கள் வண்டி கிடைக்காதபோது, பார் வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுவே பிடித்துப்போயிற்றாம்!

பீகாரில் 2006இல் பள்ளி மாணவியருக்கு மிதிவண்டித் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியல் அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் 32 விழுக்காடு பெருகியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. தூரம் என்பது பெண்ணுக்கு வெறும் கிலோமீட்டர் அன்று. யார் துணை வருவார் என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. மிதிவண்டி அந்தக் கேள்வியைச் சிறிதாக்குகிறது. கூட நாலு பேர் ஓட்டி வந்தால் கேள்வியே இல்லாமல் போகிறது.

தோழர்களே, தோழியரே! நம் வீடுகளிலும் பள்ளியில் வாங்கிய மிதிவண்டிகள் சும்மா கிடக்கின்றன. நம்மில் ஓட்டத் தெரியாத தோழியர் பலர் இருக்கிறார்கள். நம் தாய்மாரில் இன்னும் பலர். கல்லூரியில் மைதானம் இருக்கிறது. மதிய இடைவேளை இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டமும் இருக்கிறது. நாளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்தால் ஒரு பருவத்துக்குள் நமக்கும் ஓர் அணி உருவாகும். அந்த அணி பந்தயத்தில் பரிசு வாங்க வேண்டியதில்லை. ஓர் அக்கா ஓவர்டைம் முடிந்து யாருக்கும் காத்திராமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும். ஒரு தங்கை கடைசி நாளுக்குள் விண்ணப்பம் போட்டுவிட்டால் போதும். இந்த ஆண்டே தொடங்குவோம். கற்றுக்கொடுக்க நான் தயார். பழக என் வண்டியும் தயார்.