பத்தடிக்கு ஒரு கல்... ஒரு நாளைக்கு எத்தனை கல்?

குற்றாலம் பக்கம்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்குறது ரெண்டே கேள்விதான். ‘அருவியில தண்ணி விழுதா? பார்டர் புரோட்டா வாங்கிட்டு வருவியா?’ பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு மக்கா! அதனால இந்தத் தடவை வேற ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். ஒரு கணக்கு. வேலிக் கணக்கு!

எங்க மாமா, கல் ஊன்றிக் கம்பி வேலி போடுற மேஸ்திரி. தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி, வடகரைன்னு மலையடிவாரம் முழுக்க வேலை. தோப்புக்குள்ள காட்டுப்பன்னி இறங்கக் கூடாது, மனைக்கு எல்லை தெரியணும்... வேலி கேக்குற ஆளுக்குப் பஞ்சமே இல்ல. நான் சிவில் மூணாம் வருஷம். செமஸ்டர் லீவுல டேப் பிடிக்கிற அசிஸ்டென்ட் போஸ்ட் எனக்குத்தான்!

பார்ட்டி கேக்குற முதல் கேள்வி, ‘ஏக்கருக்கு எவ்வளவு ஆகும்?’ இதுக்குப் பதிலே கிடையாது பாஸ். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. இடம் சரியான சதுரமா இருந்தா, சுத்தி 835 அடி வேலி போதும். அதே ஒரு ஏக்கர், 100 அடி அகலத்துல ரிப்பன் மாதிரி நீண்டு கிடந்தா 1,071 அடி! பத்திரத்துல ஒரே ஏக்கர்தான். ஆனா, வேலி 236 அடி கூடுது. அதனாலதான் வேலிக்காரங்க ரன்னிங் அடிக்கு இவ்வளவுன்னு ரேட் பேசுறாங்க.

அடுத்தது கல்லோட எண்ணிக்கை. 100 அடி நேர் வேலி, 10 அடிக்கு ஒரு கல். எத்தனை கல்? 10-னு சொன்னா நீங்க அவுட். 11 கல் வேணும். இடைவெளிதான் 10. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் புரோகிராம்ல லூப் ஒரு தடவை கூடவோ குறையவோ ஓடுறதை ‘ஃபென்ஸ்போஸ்ட் எரர்’னு சொல்வாங்களே, அந்தப் பேரே இந்த வேலிக்கல் கணக்குல இருந்து வந்ததுதான். ஆனா, வேலி சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே முடிஞ்சா, அந்த ஒரு கல் மிச்சம். 600 அடிக்கு 60 கல் போதும். மூலைக்குச் சாய்ச்சு வைக்கிற சப்போர்ட் கல்லும் கேட்டும் தனி.

கம்பியிலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. கேஜ் நம்பர் கூடினா கம்பி மெலிசு. 10 கேஜ் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64. கேக்க ரெண்டு நம்பர் வித்தியாசம்தான். ஆனா, ஒரே நீளத்துக்கு 10 கேஜ் கம்பி ஒண்ணரை மடங்கு எடை! ‘எங்க ரேட் ரொம்பக் கம்மி’ன்னு யாராவது சொன்னா, முதல்ல கேஜ் என்னன்னு கேளுங்க.

இதெல்லாம் டேப்பும் கால்குலேட்டரும் இருந்தா முடியிற விஷயம். ஒரு நாளைக்கு எத்தனை கல் ஊன்ற முடியும்ங்கிறதுதான் நிஜமான தலைவலி.

7 அடி உயரம், 5 அங்குலச் சதுரக் கருங்கல்லுன்னா ஒண்ணே 90 கிலோவுக்கு மேல வரும். 60 கல் சுமார் ஐந்தரை டன். லாரி தோப்புக்குள்ள போகலைன்னா அத்தனையும் தோள்லதான் போகணும். ஆனி, ஆடிச் சாரல்ல மேல்மண் இளகும், தோண்ட சுகமா இருக்கும். ஆனா, குழியில தண்ணி ஊறும். அதை இறைச்சு வெளியேத்தாம கான்கிரீட் போட முடியாது. எல்லாத்துக்கும் மேல, பாறை!

வடகரைப் பக்கம் ஒரு தோப்பு. 60 கல். பொருள் எல்லாம் பார்ட்டி செலவு, கல் ஊன்றுற கூலி மட்டும் எங்க பொறுப்பு. மாமாவையும் சேர்த்து மூணு பேர், ஆளுக்கு 1,000 ரூபாய். லேசான மண்ணுன்னா நாளைக்கு 30 கல் போகும், பாறைன்னா 10. பாதிக்குப் பாதி இருக்கும், சராசரி 20-னு மாமா போட்டார். 3 நாள், 9,000 ரூபாய், கல்லுக்கு 150. பேசி முடிச்சாச்சு.

நடந்தது என்ன தெரியுமா? வயல் பக்கம் 30 கல் ஒரே நாள்ல முடிஞ்சது. ஓடைப் பக்கம் 30 கல்லுக்கு மூணு நாள். ஆக மொத்தம் நாலு நாள். சராசரி 20 இல்ல, 15! போறப்ப 30 கிலோமீட்டர் வேகம், வர்றப்ப 10 கிலோமீட்டர் வேகம், சராசரி எவ்வளவுன்னு ஆப்டிடியூட் டெஸ்ட்ல கேப்பாங்களே, அதே கணக்கு. நிஜமான ரேட் கல்லுக்கு 200. மத்த ரெண்டு பேருக்கும் நாலு நாள் கூலி 8,000 கொடுத்தது போக, மாமா கையில நின்னது 1,000 ரூபாய். நாலு நாள் கடப்பாரை பிடிச்சதுக்கு!

மேனேஜ்மென்ட் பேப்பர்ல ஃபிரடெரிக் டெய்லர் வருவாரே... பெத்லஹேம் ஸ்டீல்ல இரும்பு சுமக்கிற ஆளை நாளைக்கு 12.5 டன்ல இருந்து 47.5 டன்னுக்கு ஏத்திட்டதா 1911-ல புத்தகம் எழுதினவர். கூலி ஏறினது 1.15 டாலர்ல இருந்து 1.85 டாலருக்கு. உழைப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒண்ணே முக்கால் மடங்கு கூட இல்ல! நல்ல ஆளோட நல்ல நாளை அளவா வச்சா, கெட்ட நாளுக்கு யார் காசு கொடுக்கிறது?

அரசாங்க எஸ்டிமேட்ல இதுக்கு வழி இருக்கு. சாதா மண், கடின மண், பாறைன்னு தோண்டுற வேலைக்குத் தனித்தனி ரேட். எங்க எஸ்டிமேஷன் பேப்பர்லயே இது வருது. தோப்புல நின்னு வாய்வார்த்தையா பேசுறப்பதான் எல்லாம் ஒரே ரேட் ஆயிடுது.

இதை மாமாகிட்ட சொன்னேன். “மாப்ள, மேல இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கடப்பாரை சொல்லுதுதான் நெசம்”னார். இப்ப ரேட் சொல்றதுக்கு முன்னாடி நாலு பக்கமும் குத்திப் பார்க்கிறார். மண்ணுக்கு ஒரு ரேட், பாறைக்கு ஒரு ரேட்னு நோட்டுல எழுதிக் காட்டுறார்.

‘அப்போ வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்’னு போற பார்ட்டியும் உண்டு. அந்த வேற ஆள் ஒரே ரேட் சொல்லி வேலையைப் பிடிச்சிருவார். ஓடைப் பக்கம் போனதும் அவர் கையில எவ்வளவு நிக்கும்னு எனக்குத் தெரியும்.