மார்கழியில் 23 பேர்

கோல் கீப்பராக நிற்பவனுக்கு மற்றப் பத்துப் பேருக்கும் இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. பந்து எதிர்க் கோலின் அருகே இருக்கும்போது அவன் ஓய்வாக நின்று ஜனங்களை எண்ணலாம். சென்ற ஜனவரியில், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, நம் பல்கலைக்கழகச் சுழற்கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நானும் எண்ணினேன். 23 பேர்.

அந்த 23 பேரையும் பார்வையாளர் என்று சொல்லிவிட முடியாது. நால்வர், நாங்கள் எப்போது ஒழிவோம், கிரிக்கெட் மட்டையை எப்போது எடுக்கலாம் என்று காத்திருந்தவர்கள். ஒருவர் தேநீர்க்காரர், அவர் கோலைப் பார்த்த நேரத்தைவிடக் கெட்டிலைப் பார்த்த நேரமே அதிகம். தமிழர் இருவர். அவர்களில் ஒருவன் என் அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவதற்காக வந்தவன். நம் சங்கத்தில் பெயர் பதிந்தவர்களின் எண்ணிக்கையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது செயலாளருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நாங்கள் 2-1 என்ற கணக்கில் தோற்றோம். சேற்றுக் காலோடு விடுதிக்குத் திரும்பினால், சாப்பாட்டு அறை வாசலில் ஒரு நண்பர், "இன்றைக்கு ஆட்டம் இருந்ததா என்ன?" என்று விசாரித்தார். தோற்றதைவிட அந்த விசாரணைதான் எனக்கு ராத்திரி முழுதும் நெஞ்சில் நின்றது.

மார்ச் மாதம் விளையாட்டுக் குழு கூடியபோது விஷயம் வேறு விதமாக வந்தது. பார்க்க ஆளில்லாத போட்டிக்குப் பதினைந்து நாள் மைதானத்தை ஒதுக்குவானேன், ஒரே நாளில் சிமெண்டுத் தளத்தில் ஐவர் ஆட்டமாக முடித்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை. அதற்கு எதிராக இன்னொரு யோசனை: போட்டியை ஜனவரியிலிருந்து எடுத்து ஏப்ரலில், கோடையில் வைப்போம்; குளிர் இராது, ஜனங்கள் வருவார்கள். நம் சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த நான் முதலில் இதற்குத்தான் கை தூக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐவர் ஆட்டத்தில் என் போன்ற உயரமான கோல் கீப்பருக்கு என்ன வேலை?

கோடையை ஆதரித்துப் பேசிய சரித்திர மாணவர் ஒருவர் அயர்லாந்தை எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது வாஸ்தவம். அந்நாட்டு லீக் போட்டிகள் பல்லாண்டுகளாகக் குளிர்காலத்திலேயே நடந்து வந்தன. பக்கத்து நாடான இங்கிலாந்தின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும் ஜனங்களை, ஈரமும் குளிருமான சிறிய மைதானங்களுக்கு இழுப்பது கஷ்டமாக இருந்தது. 2003-ல் அவர்கள் துணிந்து கோடைக்கு மாறினார்கள். 2025 பிப்ரவரியில் டப்ளின் நகரத்தில் போஹீமியன்ஸ், ஷாம்ராக் ரோவர்ஸ் என்ற இரு கிளப்புகள் மோதிய ஆட்டத்துக்கு 33,000 பேருக்கு மேல் வந்தார்கள். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் அறைக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது இரண்டு சங்கதிகள் இடித்தன. ஒன்று, 2003-க்கும் 2025-க்கும் நடுவே 22 வருஷம் இருக்கிறது. மாதத்தை மாற்றியதுதான் கூட்டத்துக்குக் காரணம் என்றால் அது இவ்வளவு காலம் எங்கே போயிருந்தது? இரண்டாவது, அந்தப் பெரிய கூட்டம் வந்தது பிப்ரவரியில். டப்ளினில் பிப்ரவரி கோடை அல்ல!

உலகத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகவும் இல்லை. இங்கிலாந்தின் பெண்கள் லீக் 2011-ல் கோடைப் போட்டியாகத்தான் தொடங்கியது. 2017-ல் அதைக் குளிர்காலத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் லண்டனில் அர்செனல் பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு 60,000 பேர் போனார்கள். 1993-ல் பிறந்தது முதல் வசந்தத்தில் தொடங்கி ஆண்டிறுதியில் முடித்து வந்த ஜப்பான் லீக், 2026-லிருந்து ஆகஸ்டில் தொடங்கி மறு மே மாதம் முடிப்பதென்று 2023-ல் தீர்மானித்தது. கோடையில் கிடைக்காத நன்மை ஏதோ குளிரில் உண்டென்று ஒருவரும், குளிரில் இல்லாதது கோடையில் உண்டென்று இன்னொருவரும் இடம் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

அது போகட்டும். நாம் இருப்பது கல்கத்தாவில். இந்த ஊரில் கால்பந்துக்கு எது பருவம் என்பதை டப்ளினில் போய்த் தேட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் கோடையைக் கிரிக்கெட் எடுத்துக்கொண்டு, குளிரைக் கால்பந்துக்கு விட்டது. அதே வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தபோது, வெயிலுக்குப் பயந்து கிரிக்கெட்டைக் குளிர்காலத்தில் ஆடினார்கள்; பிறகு ஹாக்கி. மிச்சம் இருந்தது மழைக்காலம். அதுதான் கால்பந்தின் பங்குக்கு வந்தது. 1898-ல் தொடங்கிய கல்கத்தா லீக் அந்த மழையிலேயே வளர்ந்தது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான், ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு, கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கியது. முன்னால் நிற்க இடமில்லாதவர்களுக்குக் கோல் கணக்கைக் காற்றாடி விட்டுத் தெரிவித்தார்கள் என்று சொல்வார்கள். 1934-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் இந்தியக் கிளப்புகளிலேயே முதன்முதலாக லீக்கை வென்று, தொடர்ந்து ஐந்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தது. நனைந்த புல்லில் வெறுங்காலை விடப் பூட்ஸ் நல்லது என்று அவர்கள் கண்டுகொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். இந்த ஊர்க் கால்பந்தில் மழை பன்னிரண்டாவது ஆட்டக்காரர்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் அறைத்தோழனின் தாய்மாமா. (வங்காளத்திலும் மாமா, மாமாதான்.) சென்ற ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் இருவரையும் லீக் ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார். சியால்டாவில் ரயில் ஏறி, ஒரு மணி நேரம் நின்றுகொண்டே நைஹாட்டிக்குப் போனோம். ஆட்டம் பிற்பகல் 3 மணிக்கு. பெரிய கிளப் ஒன்று ஆடியும் காலரியில் சில நூறு பேருக்கு மேல் இல்லை. மழை பெய்யவே இல்லை, நல்ல மேகம்.

மாமா 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் இருந்தவர். பெடரேஷன் கோப்பை அரையிறுதி. கிழக்கு வங்காளத்துக்காக பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, 4-1 என்று மோகன் பகான் தோற்றது. அன்று வந்தவர்கள் 1,31,781 பேர். "அதுவும் இதே ஜூலைதானே மாமா? வெயில் குறைவாக இருந்ததா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அன்று ஞாயிற்றுக்கிழமை அப்பா!" என்றார்.

பிறகு அவர் தம் தகப்பனார் காலத்துக் கதை ஒன்று சொன்னார். மைதான் பகுதியில் ஆட்டம் நடந்த நாட்களில், டல்ஹௌசி சதுக்கத்து ஆபீஸ் குமாஸ்தாக்கள் நான்கு மணிக்கே மேஜைமீது குடையையும் கண்ணாடிக் கூட்டையும் விட்டுவிட்டு மறைந்துவிடுவார்களாம். ஆள் அங்கேயே இருப்பதற்கு அது அடையாளம். நடந்தே போய்விடும் தூரம். முன் வரிசை கிடைக்காதவர்கள், அட்டையிலே இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பொருத்திச் செய்த பெரிஸ்கோப்பை விலைக்கு வாங்கி, முன்னால் நிற்பவர் தலைக்கு மேலாக நீட்டிப் பார்ப்பார்கள். குடையை ஆபீஸில் விட்டு வந்தவர்கள் மழையில் நனைந்தார்கள். யாரும் அதற்காக வராமலிருக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நைஹாட்டிக்கு எந்தக் குமாஸ்தா வருவான்?" என்று முடித்தார் மாமா. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் கோடை யோசனையைப் பரீட்சை பார்க்க ஒரு ஆட்டம் வைத்தார்கள். நம் அணியில் இடது பேக் ஆடும் தம்பி வேலூர்க்காரன். "அண்ணா, வேலூர் வெயிலையே பார்த்தவன் நான், இது எம்மாத்திரம்!" என்று தொப்பி கூட இல்லாமல் இறங்கினான். வேலூர் வெயில் தோலைச் சுடும், வியர்வை காய்ந்துவிடும். கல்கத்தாவில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காய்வதில்லை, உடம்பின் சூடு வெளியே போக வழியில்லை. இரண்டாம் பாதியில் பத்தாவது நிமிஷம் அவன் பந்தை விட்டுவிட்டு, யாருமே இல்லாத பக்கம் பார்த்து நடந்தான். என்னடா என்று கூப்பிட்டேன். திரும்பியவன் என்னை அடையாளம் தெரியாதவன்போலப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். நிழலுக்குத் தூக்கிப்போய், தேநீர்க்காரரிடமிருந்த தண்ணீரை எல்லாம் தலையிலும் அக்குளிலும் ஊற்றி, ஐஸ் வாங்கி வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் பேச ஆரம்பிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் கேட்டது, "ஆட்டம் என்ன ஆச்சு அண்ணா?" ஊருக்குத் தெரியப்படுத்த வேண்டாம் என்றான். நான் அவன் தாயாருக்குப் போன் செய்யாமல் இருந்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அன்று பார்க்க வந்தவர்கள் 31 பேர். எட்டுப் பேர் கூடியதற்கு ஒரு பையன் உயிரோடு விளையாடினோம். கத்தாரில் 2022 உலகக் கோப்பையையே வெயிலுக்கு அஞ்சி நவம்பருக்குத் தள்ளிவைத்தவர்கள் ஒன்றும் கோழைகள் அல்ல.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் மாமாவின் செவ்வாய்க்கிழமை எனக்குப் புரிந்தது. எங்கள் ஜனவரி இறுதி ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது? இரண்டரைக்கு. ஏன்? கல்கத்தாவில் ஜனவரியில் ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. நம் மைதானத்தில் விளக்கு இல்லை. சென்னையில் அதே சமயம் கிட்டத்தட்ட ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். கடிகாரம் நாடு முழுவதற்கும் ஒன்று. சூரியன் அப்படி அல்ல. இரண்டரை மணிக்கு விஞ்ஞான மாணவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள், மற்றவர் வகுப்பில் இருந்தார்கள். குளிருக்குப் பயந்து யாரும் வராமல் இல்லை. கல்கத்தாக் குளிருக்கு ஒரு கம்பளி பனியன் போதுமே! ஞாயிற்றுக்கிழமை வைத்தால் என்ன என்றால், உள்ளூர் மாணவர் வீட்டில் இருப்பார்கள். நம்மவர்கள் லேக் மார்க்கெட்டில் தோசை தின்றுகொண்டிருப்பார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே பருவம் என்று வகுப்பதிலும் இந்த வம்பு உண்டு. 2014 அக்டோபரில் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், முதல் ஆண்டில் சராசரியாக 20,000 பேருக்கு மேல் மைதானத்துக்கு வரவழைத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்கத்தாவுக்கு மழை ஓய்ந்த இனிய காலம். சென்னைக்கோ அதுதான் மழைக்காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எஃப்.சி. தன் சொந்த ஊர் அரையிறுதியைப் புனாவில் போய் ஆட வேண்டி வந்தது. அங்கே 3-0 என்று வென்று, அந்த ஆண்டுப் பட்டத்தையும் வாங்கினார்கள் என்றாலும், ஊர் ஜனங்கள் அரையிறுதியைப் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, ஜனவரியும் வேண்டாம், ஏப்ரலும் வேண்டாம், ஆகஸ்டில் வைப்போம் என்றேன். வகுப்பு நாலரைக்கு முடிகிறது. நாலே முக்காலுக்குத் தொடங்கி, பாதிக்கு 30 நிமிஷமாக ஆடினால், ஆறு மணிக்குள் முடிந்துவிடும். சூரியன் மறைய அதற்குப் பிறகும் பத்து நிமிஷம் இருக்கும். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பொழுது போகாமல் விடுதியில் விழித்துக்கொண்டிருக்கும் மாதமும் அதுவே. சரித்திர மாணவர், "மழை?" என்றார். வங்காள நண்பர்கள் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இடியைப் பற்றி நானே பேசினேன். இந்தப் பிரதேசத்தில் மின்னல் விளையாட்டு அல்ல. திறந்த வெளியில் நிற்பவனைத்தான் அது முதலில் பார்க்கும். இடி கேட்டால் நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்ப வேண்டும், ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீருக்கு நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். குழுவினர் முழுதாக நம்பிவிடவில்லை. இந்த ஆகஸ்டில் ஒரு முறை பார்ப்பது, அதிலும் ஆள் வராவிட்டால் சிமெண்டுத் தளம் என்று தீர்ப்பு.

முதல் ஆட்டம் ஆகஸ்டின் இரண்டாவது புதன்கிழமை, நாலே முக்காலுக்கு. நம் சங்க அணிதான் இறங்குகிறது. வேலூர்த் தம்பி இடது பேக். இந்தத் தடவை தண்ணீர்ப் புட்டியோடு வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். நான் நூலகத்துப் பக்கத்துக் கோலில் நிற்பேன். குடை கொண்டு வாருங்கள். ஆனால் விரித்துப் பிடித்துக்கொண்டு முன் வரிசையில் நிற்காதீர்கள், எனக்கு எண்ண முடியாது.