ஸ்ட்ரோம்மன்: ரயில் விட்டுப்போகாத ஊர்

ஓஸ்லோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் புறநகர் ஸ்ட்ரோம்மன். முன்பு ஷெட்ஸ்மோ நகராட்சியில் இருந்தது; 2020 முதல் லில்லெஸ்ட்ரோம் நகராட்சியைச் சேர்ந்தது. ஊருக்கு முதலில் பிழைப்புக் கொடுத்தது சாகெல்வா ஆறு. அதன் நீர்வேகத்தில் ஓடிய ஆலைகள் மரத்தைப் பலகைகளாக அறுத்தன. குளிர்காலத்தில் அவை குதிரைகள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் தலைநகருக்குப் போயின. அந்த ஆலைகள் இன்று இல்லை. அவற்றின் அணைக்கற்களையும் அடித்தளங்களையும் ஒட்டி ஆற்றோரம் நடைபாதை போகிறது.

மரத்தை விரைவாகக் கொண்டுசெல்லவே நார்வேயின் முதல் பொது ரயில்பாதை போடப்பட்டது. ராபர்ட் ஸ்டீவன்சன் பொறுப்பேற்ற, 68 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1854 செப்டம்பரில் திறக்கப்பட்டு இவ்வூர் வழியாகவே சென்றது. 1873இல் இங்கே தொடங்கிய ஸ்ட்ரோம்மன் தொழிற்சாலை, பிற்காலத்தில் நாட்டின் முக்கிய ரயில்பெட்டித் தயாரிப்பாளர்களில் ஒன்றானது. 1966இல் ஓஸ்லோ மெட்ரோ தொடங்கியபோது ஓடிய சிவப்புப் பெட்டிகள் இங்கே உருவானவை. சில 2007 வரை ஓடின.

1999இல் 14.6 கிலோமீட்டர் நீள ரோமெரிக்ஸ்போர்ட்டன் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. விமான நிலையத்துக்குப் போகும் விரைவு ரயில்கள் ஸ்ட்ரோம்மனைத் தொடாமல் அதன் வழியே செல்லத் தொடங்கின. சுரங்கம் தோண்டியபோது மேலே காட்டிலிருந்த குளங்களின் நீர் கசிந்து வடிந்தது, திறப்பும் தாமதமானது. புதிய சுரங்கம் வந்தால் பழைய பாதை மறைவதும் உண்டு: ஓஸ்லோவுக்கு மேற்கே 1973இல் லியெரோசன் சுரங்கம் திறந்தபோது, ஸ்பிக்கெஸ்டா என்ற ஊருக்கு அப்பால் பழைய பாதையின் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன; இப்போது அத்தடத்தில் மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆனால் ஸ்ட்ரோம்மனில் பழைய பாதையை மூடவில்லை. லோக்கல் ரயில்கள் இன்றும் நிற்கின்றன. ஆற்றோரத்தில் நடக்க இடம் இருக்கும் ஊருக்கு ரயில் நிலையத்தைக் காத்ததுதான் பெரிய நன்மை.

அதே நகராட்சியின் சோரும்சாண்டில் கைவிடப்பட்ட பாதை ஒன்று வேறு வகையில் பிழைத்தது. தெர்தித்தன் என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தக் குறும்பாதையின் அகலம் 750 மில்லிமீட்டர், ஊட்டி மலை ரயிலின் மீட்டர்கேஜைவிடக் குறுகல். 1960இல் மூடப்பட்டதும் பெரும்பகுதித் தண்டவாளம் பிடுங்கப்பட்டது. ஆர்வலர்கள் சிறு பகுதியைக் காப்பாற்றி 1966 முதல் அருங்காட்சியகப் பாதையாக நடத்துகிறார்கள். கோடை ஞாயிறுகளில் அங்கே நீராவி ரயில் ஓடுகிறது.