எண்ணிக்கையில் பிழையில்லை

2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிரதிநிதிகள் சபைக்கு நடந்த தேர்தலின் முடிவை என் ஆய்வுக்காக மீண்டும் மீண்டும் பார்த்து வருகிறேன். மாநிலம் முழுவதையும் சேர்த்துக் கூட்டினால், ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் பெற்ற வாக்குகள் குடியரசுக் கட்சியினர் பெற்றவற்றைவிடச் சற்றே அதிகம். எனினும் 13 தொகுதிகளில் 9 குடியரசுக் கட்சிக்குச் சென்றன. யாரும் கள்ள வாக்குப் போடவில்லை. பெட்டியைத் தூக்கிச் செல்லவில்லை.

என் தாயார் அரசுப் பள்ளி ஆசிரியை. பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணிக்குச் சென்று, முதல்நாள் இரவே அங்குத் தங்கி, மறுநாள் நள்ளிரவில் இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியவர். இந்தக் கணக்கைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “எண்ணினதில் தப்பில்லையே, அப்புறம் என்னம்மா குறை?” ஒரு தலைமுறையின் நேர்மை முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதற்கு விடை சொல்லும் முயற்சியே இப்பதிவு.

ஓர் எளிய கணக்கு. ஐந்து தொகுதிகள், ஒவ்வொன்றிலும் நூறு வாக்காளர்கள். ஒரு கட்சிக்கு 260 பேர், மற்றதற்கு 240 பேர். பெரிய கட்சியின் ஆதரவாளர்களில் 90 பேரை ஒரே தொகுதியில் அடைத்துவிட்டு, எஞ்சிய 170 பேரை மற்ற நான்கிலும் 42, 42, 43, 43 எனப் பிரித்துவிடுங்கள். 240 பேரின் கட்சி நான்கு தொகுதிகளில் வென்றுவிடும். ஒருபுறம் அடைப்பது, மறுபுறம் சிதறடிப்பது: தொகுதி எல்லைகளை வளைக்கும் கலை முழுவதும் இவ்விரண்டில் அடங்கும். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயரையும் சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரியின் பெயரையும் ஒட்டி, இதற்கு ‘கெர்ரிமாண்டரிங்’ என்ற பெயரே உண்டாயிற்று.

வட கரோலினாவில் எல்லைகளை வரைவது மாநிலச் சட்டமன்றம். அவ்வரைபடத்தைத் தடுக்க ஆளுநருக்கு அதிகாரமில்லை. 2016இல் கூட்டாட்சி நீதிமன்றம், இரு தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று தள்ளியது. புதிய வரைபடத்தைத் தயாரித்தவர்களோ, இம்முறை தங்கள் அளவுகோல் கட்சி ஆதாயமே என்று அவையிலேயே அறிவித்தார்கள். பத்துக்கு மூன்று என்று முன்மொழிவதற்குக் காரணம், பதினொன்றுக்கு இரண்டு என வரைவது சாத்தியமில்லை எனத் தாம் கருதுவதே என்றார் குழுவுக்குப் பொறுப்பேற்ற உறுப்பினர் டேவிட் லூயிஸ். அவ்வாண்டுத் தேர்தலில் பத்துக்கு மூன்று என்றே முடிவு வந்தது.

விடுதியறையில் வாழ்பவள் என்பதால், அந்த வரைபடத்தில் என்னை நிறுத்திய இடம் கிரீன்ஸ்பரோ. அங்குள்ள வட கரோலினா வேளாண்மை தொழில்நுட்ப மாநிலப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1960 பிப்ரவரி 1 அன்று வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய உல்வொர்த் கடை மேசையில் சென்றமர்ந்த நான்கு இளைஞர்கள் இங்குப் படித்தவர்கள். 2016 வரைபடத்தின் கோடு இந்த வளாகத்தை ஊடறுத்துச் சென்றது: ஒரு பாதி ஆறாம் தொகுதியில், மறுபாதி பதின்மூன்றாம் தொகுதியில். ஒரே வகுப்பில் படிப்போர், ஒரே உணவகத்தில் உண்போர், விடுதி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு வேட்பாளர்களுக்கு வாக்களித்தார்கள். எவருடைய வாக்கும் பறிக்கப்படவில்லை. ஒரு குரலாக ஒலிக்கக்கூடியது மட்டும் இரண்டாக்கப்பட்டு, இரு பக்கமும் சிறுபான்மை ஆக்கப்பட்டது.

2019 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், கட்சி ஆதாயத்துக்காக எல்லை வளைப்பதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்க இயலாது என்று கூறிவிட்டது. மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சியினர் வரைந்த வரைபடமும் அதே தீர்ப்பில் அடங்கியது என்பதை மறக்கலாகாது; பேனா யார் கையில் இருந்தாலும் அது ஒரே வகையில்தான் வளைகிறது.

பிறகு மாநில நீதிமன்றத்தின் தலையீட்டால் வரைபடம் மாற, 2020இல் எட்டுக்கு ஐந்து. தொகுதிகள் 14 ஆன பின் நீதிமன்றம் வகுத்த எல்லைகளில் 2022இல் ஏழுக்கு ஏழு. மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளும் தேர்தலில் வருபவர்களே. அதன் பெரும்பான்மை மாறி, 2023 ஏப்ரலில் முந்தைய தீர்ப்பு கைவிடப்பட்டது. சட்டமன்றம் மீண்டும் வரைந்தது. 2024இல் பத்துக்கு நான்கு. அதே நாளில் அதே வாக்காளர்கள் அதிபர் தேர்தலில் டிரம்ப்புக்கும், ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனுக்கும் வெற்றி தந்தார்கள். புதிய எல்லைகள் வந்ததும் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மூவர் பிரதிநிதிகள் சபைக்கு மறுபடி போட்டியிடவே இல்லை. ஒரு வாக்கும் விழுமுன்னரே அத்தொகுதிகளில் தேர்தல் பெரும்பாலும் முடிந்திருந்தது.

ஆகவே என் தாயாருக்கு நான் சொல்லும் விடை இது: எண்ணுவது கடைசி வேலை. எவரை எவரோடு சேர்த்து எண்ணுவது என்பது முதல் வேலை. முதல் வேலையில் நேர்மை இல்லையெனில், கடைசி வேலையின் நேர்மை அதற்குச் சான்றிதழ் வழங்கும் வேலையாகிவிடுகிறது.

நம் நாட்டில் இப்பணி சட்டமன்றங்களிடம் இல்லை. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரின் தலைமையிலான மறுவரையறை ஆணையம் அதைச் செய்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி அது வகுத்த எல்லைகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன. இது பெரிய வேறுபாடு. ஆனால் நாம் கவலையற்றிருப்பதற்கு அது போதாது. மறுவரையறை குறித்த நம் விவாதம் பெரும்பாலும் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்பதிலேயே நிற்கிறது. அக்கேள்வி முக்கியமானதுதான். ஆனால் ஒரு மாநிலத்துக்குள் கோடு எந்தத் தெருவழியே, எந்தக் குடியிருப்பைப் பிளந்து செல்கிறது என்று படிப்போர் மிகச் சிலர். வரைவு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வெளியாகும்போது, அரசியலறிவியல், புவியியல், புள்ளியியல் துறைகளின் மாணவர்கள் தத்தம் ஊரின் பக்கத்தையாவது திறந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்சேபம் தெரிவிக்கும் காலம் குறுகியது. ஆணை வெளியான பின் அதை நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு அரசியலமைப்பே தடை விதித்திருக்கிறது.