சிறுமலரின் நாட்டில் ஆப்பிள் சாறு

பிரான்சு நாட்டின் வடமேற்கே, கடலை அடுத்து, நார்மண்டி என்னும் பகுதி இருக்கின்றது. நம் இல்லங்களில் படமாகவும் ஆலயங்களில் சுரூபமாகவும் வணக்கம் பெறும் சிறுமலர், புனித குழந்தை இயேசுவின் தெரேசம்மாள், 1873-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் அலன்சோன் நகரில் பிறந்ததும், 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் லிசியே கார்மேல் மடத்தில் உயிர் நீத்ததும் இப்பகுதியில்தான். ரோசா மலர் மழையோடு சேர்த்தே அப்புனிதையை நினைக்கப் பழகிய நமக்கு, அவரது திருநாளாகிய அக்டோபர் முதல் நாள் அவ்வூரில் ஆப்பிள் உதிரும் காலம் என்பது, அங்குச் சென்றபோதுதான் தெரிய வந்தது.

பாரீசு நகரிலிருந்து லிசியேக்கு இரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். 1929-இல் தொடங்கி 1954-இல் அபிஷேகம் செய்யப்பெற்ற பேராலயம் ஊருக்கு வெளியே குன்றின்மேல் நிற்கின்றது. திருயாத்திரைக் கடமைகளை நிறைவேற்றிய பின்னர், பிரெஞ்சு மொழி அறிந்த குருவானவர் ஒருவருடன் மேற்கே ஓஜ் என்னும் வட்டாரத்தைக் காணப் புறப்பட்டோம். அங்கே காம்ப்ரமேர், பெவ்ரோன் முதலிய சிற்றூர்களைச் சுற்றி வரும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைக்குச் 'சைடர் பாதை' என்றே பெயர். சைடர் என்பது ஆப்பிளைப் பிழிந்தெடுக்கும் பானம். மரச்சட்டங்களுக்கிடையே களிமண் அப்பிக் கட்டிய பழைய வீடுகள், பசும்புல் வெளிகள், பழமரங்களின் அடியில் மேயும் பசுக்கள் ஆகியவை வழிநெடுகக் கண்ணுக்கு இனிமை தந்தன.

திராட்சை செழிக்கத் தக்க வெயில் இங்கில்லை. திருப்பலிக்குத் திராட்சை இரசமே வேண்டும் என்பது திருச்சபைச் சட்டமாதலால் அதை வெளியிலிருந்தே தருவிக்க வேண்டும். வீட்டு மேசைக்கோ ஆண்டவர் இம்மக்களுக்கு ஆப்பிளைத் தந்தார். ஆனால் அது நாம் கடைகளில் காணும் பெரிய சிவந்த பழமன்று. சைடர் ஆப்பிள் உருவிற் சிறியது. கடித்தால் சில வகை கைக்கும், சில வகை பல் கூசப் புளிக்கும். தரையில் உதிர்ந்தவற்றைத் திரட்டிச் சில நாள் குவித்து வைத்து, கைப்பும் புளிப்பும் இனிப்புமான பல வகைகளை ஒன்றாகக் கலந்து அரைக்கின்றனர். முற்காலத்தில் வட்டமான கருங்கல் தொட்டியில் குதிரை இழுக்கும் சக்கரத்தால் நசுக்கி, அந்தச் சக்கையை வைக்கோலோடு மாறி மாறி அடுக்கி மரச்செக்கில் அழுத்துவார்களாம். இன்று எந்திரம் அவ்வேலையைச் செய்கின்றது. ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒன்றரைக் கிலோ அளவு பழம் வேண்டும்.

புதிதாகப் பிழிந்த அச்சாறு கலங்கலாய், தேன் நிறமாய், மிகவும் தித்திப்பாய் இருக்கின்றது. நாம் சென்ற பண்ணை வீட்டில் இல்லத் தலைவியார் அதைக் குடிக்கத் தந்ததோடு நில்லாது, சமையலறைக்கும் அழைத்துச் சென்றார். வெண்ணெயில் சிவக்க வறுத்த கோழித் துண்டுகளின்மேல் வெங்காயமும் ஆப்பிளும் இட்டு, சாற்றை ஊற்றி, இளந்தீயில் வேகவிட்டு, இறுதியில் பாலாடை சேர்த்தார். பழத்தின் புளிப்பு பாலாடையின் கொழுப்பை அடக்குகின்றது. மற்றொரு புறம், நடுவெலும்பு போன்ற விதைப்பகுதியை நீக்கிச் சர்க்கரையும் வெண்ணெயும் அடைத்த முழு ஆப்பிளை மாவுப் போர்வையில் பொதிந்து அடுப்பில் சுட்டெடுத்தார். இதற்குப் பூர்தெலோ என்று பெயர். மேலே சிறிது சாற்றைச் சுண்டக் காய்ச்சி ஊற்றியபோது கருப்பட்டிப் பாகின் நினைவே நமக்கு வந்தது.

லிசியேக்கு மேற்கேயுள்ள கான் நகரின் புகழ்பெற்ற உணவு, மாட்டின் போட்டியைக் கால் எலும்பு, வெங்காயம், காரட்டு ஆகியவற்றுடன் சைடர் ஊற்றி மண்பானையில் பல மணி நேரம் வேகவைப்பது. எறிந்துவிடத் தக்கது என்று பிறர் எண்ணும் பகுதி அது. அரிசி விளையாத அப்பகுதியில் அரிசியும் பாலும் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் சேர்த்து ஐந்து மணி நேரம் மெல்லச் சுடும் ஒருவகைப் பாயசமும் உண்டு. அதைச் சைடரோடு பரிமாறுவது வழக்கம். ஆப்பிள்களைச் சாற்றிலேயே கொப்பரையில் இட்டு, அயலார் முறை வைத்து இரவெல்லாம் கிண்டி, கறுத்த குழம்பாக்கி, குளிர்காலம் முழுவதும் ரொட்டியில் தடவி உண்ணும் வழக்கமும் அப்பக்கத்துக் கிராமங்களில் இருந்துள்ளது.

"இந்தச் சாறு காத்திராது" என்று அத்தாயார் சொன்னதாகக் குருவானவர் மொழிபெயர்த்தார். உண்மையே. சில நாளில் அது நுரைக்கத் தொடங்குகின்றது. புளித்த சைடரை மேலும் காய்ச்சி வடித்தால் கல்வதோஸ் என்னும் கடுஞ்சாராயம் கிடைக்கின்றது. அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் மதுச்சத்து உண்டு. உலகம் விரும்பி வாங்கும் அச்சரக்கு அவ்வூரார் பலருக்குப் பிழைப்பு. எனினும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்மண்டியின் குடும்பங்களைக் குடிப்பழக்கம் மிகவும் வாட்டியது. சொந்தப் பழத்தை வரியின்றி வடித்துக்கொள்ளும் உழவரின் உரிமை பிள்ளைகளுக்குச் செல்லாதபடி 1960-இல் பிரெஞ்சு அரசு ஆணையிட்டதற்கும் இத்துன்பம் ஒரு காரணம்.

பனங்காட்டை அறிந்த நம் மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் இறங்குவது கள். முன்னதை நம் தாய்மார் அடுப்பேற்றிக் கருப்பட்டியாக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். பின்னது எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்தது என்பதைப் பங்குகளில் பணியாற்றும் நாம் அறிவோம். இரவில் குருமனைக் கதவைத் தட்டும் தாய்மாரும் அறிவர்.

சிறுமலர் தெரேசம்மாள் மடத்தில் செய்த வேலைகளுள் உணவறையைப் பெருக்குவதும் ஒன்று. பெருஞ்செயல் எதுவும் அவர் செய்யவில்லை. சிறு வேலைகளை உரிய வேளையில் அன்போடு செய்தார். அவருடைய ஊரில் கசக்கும் சிறு பழம் குடும்பத்துக்கு உணவாவதும் அவ்வாறே. ஒருவர் குனிந்து பொறுக்குகின்றார், ஒருவர் நேரம் தவறாமல் அடுப்பருகே நிற்கின்றார். அன்புள்ள பெற்றோரே, கூலி கைக்கு வரும் மாலையில் அது முதலில் எந்த வாசலுக்குச் செல்கின்றது என்பதை, இவ்வக்டோபரில் சிறுமலரின் நவநாளை வீட்டில் செபிக்கும்போது கணவனும் மனைவியுமாக அமர்ந்து பேசிக்கொள்ளுங்கள்.